12 மணி நேரம் போதுமா? தற்காப்புப் பயிற்சியின் உண்மைக் கணக்கு

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில் ஊர் ஊராகக் கராத்தே, டேக்வாண்டோ, சிலம்ப வகுப்புகளில் புதுமுகங்கள் சேர்கிறார்கள். மகளை அழைத்துவரும் பெற்றோர் மாஸ்டரிடம் கட்டணத்தைக் கேட்ட கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "எத்தனை மாசத்துல மாஸ்டர் இவ தன்னைத்தானே பாத்துக்குவா?" என்பதுதான். பெண்ணுக்கு நேர்ந்த ஒரு கொடூரம் தலைப்புச் செய்தியாகும்போதெல்லாம் இதே கேள்வி நாடு முழுக்க எழுகிறது. கல்லூரிகள் அவசரமாக ஒருநாள் முகாம் நடத்துகின்றன. மேடையில் ஓடு உடைகிறது, கைதட்டல் எழுகிறது, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

எவ்வளவு பயிற்சி போதும் என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் புழங்குகின்றன. நாலு அடி தெரிந்தால் போதும், எவனையும் விரட்டிவிடலாம் என்பது ஒன்று. கறுப்பு பெல்ட் வாங்கும்வரை பல வருடம் பழகினால்தான் பயன், அரைகுறைப் பயிற்சி ஆபத்து என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் தவறுகின்றன. தற்காப்பு என்றால் அடிக்கத் தெரிவது என்றே இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. எது ஆபத்து, அது யாரிடமிருந்து வருகிறது, அந்த நேரத்தில் உடலும் மனமும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்தால் கணக்கே மாறுகிறது.

893 மாணவிகள், 4 அமர்வுகள்

இந்தக் கேள்வியை அறிவியல் முறைப்படி அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் வின்சர் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் சார்லீன் சென். அவர் தலைமையிலான குழுவின் ஆய்வு, 2015இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற மருத்துவ இதழில் வெளியானது. வின்சர், குவெல்ஃப், கால்கரி ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு படித்த 893 மாணவிகளை, புது மருந்தைச் சோதிக்கும் அதே முறையில், குலுக்கல்படி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று மணி நேர அமர்வுகள் நான்கு, ஆக மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. மறு பிரிவுக்குப் பாலியல் வன்முறை பற்றிய துண்டுப் பிரசுரங்கள் மட்டும்.

ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, பிரசுரம் மட்டும் பெற்றவர்களில் 9.8 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் அது 5.2 சதவீதம். வல்லுறவு முயற்சியைச் சந்தித்தவர்கள் பிரசுரம் பெற்றவர்களில் 9.3 சதவீதம், பயிற்சி பெற்றவர்களில் 3.4 சதவீதம். வெறும் 12 மணி நேரம் ஆபத்தைப் பாதிக்குப் பாதி குறைத்திருக்கிறது. தொடர்ந்து கவனித்ததில், பலன் இரண்டு ஆண்டுகள்வரை நீடித்தது தெரியவந்தது.

அந்த 12 மணி நேரத்தில் உடலால் எதிர்க்கும் பயிற்சிக்கு ஒதுக்கியது 2 மணி நேரம் மட்டுமே. கனடாவில் பெண்களுக்காகவே உருவான 'வென்-டோ' என்ற தற்காப்பு முறையிலிருந்து எடுத்த, எவராலும் செய்யக்கூடிய சில எளிய அடிகள், பிடி விலக்கல்கள். மீதி 10 மணி நேரம் எதற்குப் போனது? முதல் அமர்வு, ஆபத்தின் அறிகுறிகளைப் படிப்பது: தனியாக அழைத்துப் போவது, குடிக்க வற்புறுத்துவது, சின்னச் சின்ன மறுப்புகளைக் காதில் வாங்காமல் போவது. இரண்டாவது, 'இது தப்பாகப் போகிறது' என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள விடாத மனத்தடைகளைத் தாண்டுவது. மூன்றாவது, குரலாலும் உடலாலும் எதிர்ப்பது. நான்காவது, உறவுகளில் தனக்கு எது சம்மதம், எது சம்மதமில்லை என்று தெளிவாக அறிந்து அதைச் சொல்லப் பழகுவது.

நைரோபியின் குடிசைப் பகுதிகளில்

கனடாவின் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை செய்தது ஏழ்மையான ஊருக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் எழலாம். கென்யத் தலைநகர் நைரோபியின் குடிசைப் பகுதிகளில் வளரிளம் பெண்களுக்கு 6 வாரம், வாரம் 2 மணி நேரம் என்று அதே 12 மணி நேரப் பயிற்சி தரப்பட்டது. அதன் முடிவுகள் 2013இல் வெளியாயின. பயிற்சிக்கு முந்தைய ஓராண்டில் அவர்களில் 24.6 சதவீதம் பேர் பாலியல் தாக்குதலுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சிக்குப் பிறகு அது 9.2 சதவீதமாகக் குறைந்தது. பயிற்சி பெறாத பெண்களிடம் பெரிய மாற்றமில்லை. கற்றதைப் பயன்படுத்தி ஒருமுறையாவது தாக்குதலைத் தடுத்ததாகப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். அங்கே நடந்த அடுத்த ஆய்விலும், பெண்கள் அதிகம் பயன்படுத்தியது குரலைத்தான் என்று தெரிந்தது.

பிற்பாடு அதே நகரில் இன்னும் சிறிய பிள்ளைகளிடம் பெரிய அளவில் நடந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கும் ஒரே பாடம் பொருந்தாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தையைக் காக்கும் பொறுப்பைக் குழந்தையின் கையில் கொடுக்க முடியாது. அது முழுக்கப் பெரியவர்களின் வேலை.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

தற்காப்பு வகுப்புகளில் வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் காட்சி இது: இருட்டுத் தெரு, முகம் தெரியாத ஒருவன், பின்னாலிருந்து கழுத்தைப் பிடிக்கிறான், முழங்கையால் ஓர் இடி, ஓட்டம். அப்படியும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தால், இந்தியாவில் பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், காதலிப்பதாகச் சொன்னவர், கூட வேலை பார்ப்பவர், டியூஷன் எடுப்பவர்.

முகம் தெரியாதவனை முழங்கையால் இடிக்க ஒரு பெண்ணுக்கு மனத்தடை இல்லை. சித்தப்பாவை? அப்பாவின் நண்பரை? மேலதிகாரியை? இந்த இடத்தில்தான் கறுப்பு பெல்ட்டும் கைகொடுக்காமல் போகிறது. கையில் வலு இருக்கிறது, ஆனால் 'தப்பா நினைச்சுட்டேனோ', 'வீட்டுல சண்டை வந்துடுமே', 'என்னைத்தான் குறை சொல்வாங்க' என்ற எண்ணங்கள் கையைக் கட்டிப்போடுகின்றன. அடங்கிப் போ, சத்தம் போடாதே, பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு முதலில் உடைக்க வேண்டியது ஓட்டையல்ல, இந்தத் தயக்கத்தை.

இதற்கும் பயிற்சி உண்டு. எதிரில் ஒருவரை நிறுத்தி, சாதாரணப் பேச்சிலிருந்து மெல்ல எல்லை மீறும் காட்சியை நடித்துக் காட்டச் செய்கிறார்கள். எந்த நொடியில் எழுந்து போக வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று மாணவி வாயைத் திறந்து சொல்லிப் பழகுகிறாள். நெரிசலான பேருந்தில் "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா" என்று முணுமுணுக்கும் பெண், "கையை எடு! பச்சைச் சட்டை, உன்னைத்தான் சொல்றேன்!" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்துவதற்குப் பத்துத் தடவை வகுப்பில் கத்திப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் தேவையான நேரத்தில் குரல் வரும்.

உடல் உறைந்துபோகும்போது

'ஏன் கத்தவில்லை? ஏன் தள்ளிவிட்டு ஓடவில்லை?' என்ற கேள்வி நம் வீடுகளிலும் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் பாதிக்கப்பட்ட பெண்ணை இரண்டாம் முறை தாக்குகிறது. அதற்கு உடலியல் ஒரு விடை வைத்திருக்கிறது. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், வல்லுறவுக்கு ஆளானோருக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேருக்குத் தாக்குதலின்போது உடல் குறிப்பிடத்தக்க அளவு உறைந்துபோயிருந்தது. 48 சதவீதம் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. கை கால் அசையாது, குரல் எழும்பாது. கொடிய விலங்கிடம் சிக்கிய இரை தன்னையறியாமல் அசைவற்றுப் போவது போன்ற உடலின் அனிச்சைச் செயல் அது. சம்மதமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல.

உறையாவிட்டாலும் உடல் வழக்கம்போல் இயங்காது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன, பார்வை குறுகுகிறது. மணிக்கட்டை இந்தக் கோணத்தில் பிடித்து, அந்த விரலை இப்படி மடக்கி என்று நுணுக்கமாகக் கற்ற பிடிகள் அந்நேரம் வருவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. தேர்ந்தெடுக்க வேண்டியவை கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடுகிறது என்பதை 1952இலேயே பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் ஹிக் சோதனையில் காட்டினார். நாற்பது அடி தெரிந்தவர், எதை எடுப்பது என்று தடுமாறும் வேளையில், நான்கே அடியை ஆயிரம் முறை பழகியவர் கை ஓங்கிவிடுகிறது.

ஷாங்காய் நகரக் காவல்துறையில் பல ஆண்டுகள் பணியாற்றிய வில்லியம் ஃபேர்பெர்ன், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் கமாண்டோக்களுக்குக் கைகலப்புப் பயிற்சி அளித்தார். அவர் ஜுஜுட்ஸு, ஜூடோ எல்லாம் முறையாகக் கற்றவர். ஆனால் போருக்குப் புறப்படும் வீரர்களுக்குத் தான் கற்ற எல்லாவற்றையும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. உள்ளங்கையால் தாடையில் இடிப்பது, முழங்காலால் தாக்குவது என்று, பதற்றத்திலும் மறக்காத ஒரு சில அசைவுகளையே பழக்கினார். குறைந்த நேரத்தில் கற்பிக்க வேண்டுமென்றால் பாடத்தைக் குறைக்க வேண்டும், திரும்பத் திரும்பச் செய்வதைக் கூட்ட வேண்டும்.

எதிர்ப்பதால் கோபமடைந்து இன்னும் மோசமாகத் தாக்குவானோ என்ற பயம் பலருக்கு உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சாரா உல்மன் உள்ளிட்டோர் பல ஆண்டுகளாகச் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான்: உரக்கக் கத்துவதும், பலமாகத் திமிறுவதும், ஓடுவதும் வல்லுறவு நிறைவேறும் வாய்ப்பைக் குறைக்கின்றன. அழுது கெஞ்சுவது அந்த அளவுக்குப் பயன் தருவதில்லை. எதிர்த்ததனாலேயே காயம் கூடுகிறது என்ற நம்பிக்கையை இந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை.

பெல்ட்டின் நிறம் சொல்வதும் சொல்லாததும்

அப்படியானால் ஆண்டுக்கணக்கில் கற்பதில் பயனே இல்லையா? இருக்கிறது, எப்படிக் கற்கிறோம் என்பதைப் பொறுத்து.

ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்ஸுவில் இருந்த ஆபத்தான அடிகளைத் தளப்பயிற்சியிலிருந்து விலக்கினார். பார்ப்பவருக்கு அது கலையை மழுங்கடித்ததுபோல் தோன்றும். ஆனால் கண்ணைக் குத்துவதையும் மூட்டை முறிப்பதையும் விலக்கியதால், மாணவர்கள் ஒருவரோடொருவர் முழு வலுவோடு மோதிப் பழக முடிந்தது. ராண்டோரி என்ற அந்தக் கட்டற்ற மோதல்தான் ஜூடோவின் உயிர். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில், ஆஜானுபாகு அல்லாத பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை மடக்கி வென்றார். அவருடைய பிரேசிலிய ஜுஜுட்ஸுவும் கானோவின் ஜூடோவிலிருந்து கிளைத்ததுதான். முழு எதிர்ப்புக் காட்டும் ஆளோடு நாள்தோறும் உருண்டு பழகியது அங்கே கைகொடுத்தது.

எதிராளி இல்லாமல் செய்யும் அசைவு வரிசையான கட்டாவை மட்டும் செய்து, காற்றில் குத்தி, அசையாமல் நிற்கும் ஜோடியின் கையைப் பிடித்து முறுக்கி வாங்கிய பெல்ட், தரையில் படுத்து நீச்சல் கற்றதற்குச் சமம். எதிரில் நிற்பவர் திமிற வேண்டும், தள்ள வேண்டும், விட மறுக்க வேண்டும். அப்போதுதான் மூச்சு வாங்கும்போதும் யோசிக்க உடல் கற்றுக்கொள்கிறது. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் உருவான ஒரு பயிற்சி முறையில், தலை முதல் கால்வரை கனத்த பஞ்சுக் கவசம் அணிந்தவர் தாக்குபவராக வருகிறார். மாணவி தன் முழு பலத்தோடு அவரை அடிக்கிறாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் ஆளை ஓங்கி அடித்துப் பார்த்த அனுபவம் அவள் உடலில் தங்குகிறது.

நெதர்லாந்துக் காவலர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, நீண்ட பயிற்சி எதைத் தரும் என்பதைத் தெளிவாக்குகிறது. பதற்றமான சூழலில் எல்லாக் காவலர்களின் திறனும் குறைந்தது. ஆனால் பணிநேரப் பயிற்சி போக, சொந்த நேரத்திலும் தற்காப்புக் கலை பழகியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சமாளித்தார்கள். பயிற்சி பயத்தைப் போக்குவதில்லை. பயத்துக்கு நடுவிலும் கை கால் இயங்கும்படி செய்கிறது.

நம் சிலம்பத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற பிறகு சிலம்பத்தின் மதிப்பு உயர்ந்திருக்கிறது. மேடையில் தனியாகக் கம்பு சுற்றும் அலங்கார வீச்சு கண்ணுக்கு விருந்து, உடலுக்கும் நல்லது. ஆனால் தற்காப்புக்கு உதவுவது தொடுமுறைப் போட்டிதான். எதிராளியின் கம்பு எங்கே வரும் என்று கணித்து, காலடி மாற்றி, எட்டாத தூரத்துக்கு விலகி, அவன் அசந்த நொடியில் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். தூரத்தை அளக்கவும் விலகவும் கற்றுத்தரும் இந்தக் காலடி, கையில் கம்பு இல்லாத நாளிலும் கூட வரும்.

கத்தி வந்தால்

எவ்வளவு பழகினாலும் போதாத இடங்களும் இருக்கின்றன. அமெரிக்கக் காவல் அதிகாரி டென்னிஸ் டுயூலர் 1983இல் ஒரு கணக்குச் சொன்னார். கத்தியோடு பாயும் ஒருவன் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். துப்பாக்கியை உறையிலிருந்து உருவிச் சுடப் பயிற்சி பெற்ற காவலருக்கே அந்த நேரம் மட்டுமட்டு. சினிமாவில் நாயகன் கத்தியைத் தட்டிவிடுவதைப் போல வெறுங்கையால் மடக்கலாம் என்று எந்த வகுப்பாவது உறுதி கொடுத்தால், அங்கிருந்து பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள். கத்தி, அரிவாள் என்றாலும், ஆட்கள் கூட்டமாக இருந்தாலும், தற்காப்பு என்பது ஓடுவது மட்டுமே. வேறு வழியே இல்லாதபோது, உயிரைக் காக்கப் போராடுவது கடைசி.

செயின் பறிப்பும் அப்படித்தான். பைக்கில் வந்து இழுப்பவனோடு இழுபறி செய்து கீழே விழுந்து தலையில் அடிபட்டால், போன சவரனைவிட இழப்பு பெரிது. விட்டுவிட்டு, வண்டி எண்ணையும் அடையாளத்தையும் மனத்தில் பதித்துக்கொள்வதுதான் தேர்ந்த மாஸ்டர் சொல்லித்தர வேண்டிய பாடம்.

ஆண்களுக்கான பாடம்

தற்காப்பு பெண்களுக்கு மட்டுமானது என்று நினைத்துவிடுகிறோம். சாலையில் வண்டி உரசியதற்கு, டாஸ்மாக் வாசலில் ஒரு சொல்லுக்கு, கல்லூரிக் காலத்தில் ஒரு முறைப்புக்கு என்று தொடங்கும் சண்டைகளில் அடிபடுவதும் உயிர் போவதும் பெரும்பாலும் இளைஞர்களுக்குத்தான். ஒரே குத்தில் நிலை தடுமாறிச் சிமென்ட் தரையில் பின்மண்டை மோதினால் போதும், ஒரு குடும்பம் மரணத்துக்கும் இன்னொரு குடும்பம் சிறைக்கும் தயாராக வேண்டும். "சரிங்க, என் மேலதான் தப்பு" என்று சொல்லி வண்டியைக் கிளப்பிப் போகும் திறன்தான் இளைஞனுக்கு மிகப் பெரிய தற்காப்பு. ஸ்பாரிங் என்ற பயிற்சி மோதலில் நாள்தோறும் அடி வாங்கி, தோற்று, கை குலுக்கிப் பழகியவனுக்குத் தெருவில் தன்னை நிரூபிக்கும் தேவை குறைகிறது. நல்ல மாஸ்டரிடம் நீண்ட காலம் கற்பதன் பெரும் பயன் இதுதான் என்பேன்.

எல்லா வயதினருக்கும் உதவும் இன்னொன்று, விழக் கற்பது. ஜூடோவில் முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தான்: தாடையை நெஞ்சோடு ஒட்டி, தலையைத் தரையில் படாமல் காத்து, உருண்டு விழுவது. உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 6.84 லட்சம் பேர் கீழே விழுந்து உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஒருவன் நம்மைத் தாக்காமலேயே வாழ்க்கை முடியலாம். ஒருமுறைகூட வழுக்கி விழாமல் முடியாது.

சட்டம் உங்கள் பக்கம்

திருப்பி அடித்தால் நம்மேல் வழக்கு வந்துவிடுமோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34ஆவது பிரிவு, தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்யும் செயல் குற்றமாகாது என்கிறது. 35ஆவது பிரிவு, தன் உடலை மட்டுமின்றி இன்னொருவரின் உடலைக் காக்கவும் உரிமை தருகிறது. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, வல்லுறவுக்கோ, ஆள்கடத்தலுக்கோ, அமில வீச்சுக்கோ நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவனுக்கு மரணம் நேரும் அளவுக்குக்கூட இந்த உரிமை நீள்கிறது என்பது 38ஆவது பிரிவு.

எல்லையும் உண்டு. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது என்கிறது 37ஆவது பிரிவு. அவன் ஓடிய பிறகு துரத்திப் போய் அடிப்பது பழிவாங்கல் ஆகிவிடும். அதே நேரத்தில், உயிருக்குப் போராடுபவர் ஒவ்வோர் அடியையும் தராசில் நிறுத்துப் போட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கிறது. தற்காப்பு வகுப்புகளில் ஒரு மணி நேரமாவது இதைச் சொல்லித்தர வேண்டும். 112, பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 என்ற எண்களும் அந்தப் பாடத்தில் சேரட்டும்.

எதற்கு எவ்வளவு?

இதுவரை பார்த்ததிலிருந்து என் கணக்கு இது.

* தெரிந்தவர்களின் அத்துமீறலை முளையிலேயே அடையாளம் கண்டு, குரலாலும் எளிய அடிகளாலும் தடுக்க: சரியான பாடத்திட்டத்தோடு 12 மணி நேரம். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.
* பிடியிலிருந்து திமிறி, கீழே விழுந்தாலும் எழுந்து ஓட: முழு எதிர்ப்போடு மோதிப் பழகும் வகுப்பில், வாரம் இரண்டு நாள் வீதம் ஆறு மாதம் முதல் ஓராண்டு.
* பதற்றத்திலும் நிதானம், வீண் சண்டையைத் தவிர்க்கும் பக்குவம், உடல்வலு: பல ஆண்டுகள். விட்டால் திறமை தேயும்.
* ஆயுதத்துக்கும் கூட்டத்துக்கும் எதிராக: போதுமான அளவு என்று ஒன்று இல்லை. ஓடுவதற்கான கால்வலுவும் காலணியும்தான் துணை.

வகுப்பில் சேரும் முன் கேளுங்கள்

* ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார்களா?
* ஸ்பாரிங் உண்டா? பாதுகாப்புக் கவசம் இருக்கிறதா?
* குரல் எழுப்பவும் மறுப்புச் சொல்லவும் பயிற்சி தருகிறார்களா?
* தெரிந்தவர்களிடமிருந்து வரும் ஆபத்தைப் பேசுகிறார்களா?
* தொடும்முன் பிள்ளையின் சம்மதம் கேட்கிறார்களா? பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா?
* பாதிக்கப்பட்ட பெண்ணைக் குறை சொல்லும் பேச்சு அங்கே உண்டா? இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

பள்ளியில் இருக்கும் மூன்று மாதம்

ஒன்றிய அரசின் சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்புவரை படிக்கும் மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாயின் பெயரில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி வகுத்திருக்கிறார்கள். பள்ளி ஒன்றுக்கு மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கீடு. வாரம் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று மாதத்தில் 24 மணி நேரம். கனடா மாணவிகளுக்குக் கிடைத்ததைப் போல இரண்டு மடங்கு. நேரம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வரிசையில் நின்று காற்றில் குத்துவதற்கே அதையெல்லாம் செலவழித்துவிட்டால் அது வீண்.

அந்த 24 மணி நேரத்தில் பாதியை அடிக்கும் கலைக்கு விடலாம். கராத்தே மாஸ்டரும் சிலம்ப ஆசானும் அதைச் சிறப்பாகச் செய்வார்கள். மறுபாதியில் ஆபத்தை அடையாளம் காணவும், கத்தவும், மறுக்கவும், நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லவும், சட்டத்தை அறியவும் பழக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற பெண் ஆசிரியர்களையும் ஆலோசகர்களையும் வகுப்புக்குள் அழைக்க வேண்டும்.

பையன்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும். நைரோபியில் பெண்களுக்கான பயிற்சியோடு நிற்காமல், பையன்களுக்கும் சம்மதம் என்றால் என்ன, தன் கண்ணெதிரே ஒரு பெண் துன்புறுத்தப்பட்டால் எப்படிக் குறுக்கிட்டுத் தடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெண்ணுக்கு மட்டும் தற்காப்பைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்ந்தால், தாக்காமல் இருக்க வேண்டியவனின் பொறுப்பைத் தாக்கப்படுபவளின் தலையில் ஏற்றிவைத்ததாகிவிடும். கனடா ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பயிற்சி பெற்ற மாணவிகளிடம், வல்லுறவுக்குப் பெண்ணே காரணம் என்ற எண்ணம் குறைந்தது. நல்ல பயிற்சிக்கு அடையாளம் அதுதான். அது எதிர்க்கும் வலுவையும் தருகிறது, எதிர்க்க முடியாமல் போனாலும் 'குற்றம் என்னுடையதல்ல' என்ற தெளிவையும் தருகிறது. அந்தத் தெளிவோடு ஒரு பெண் வீட்டிலும் காவல் நிலையத்திலும் வாய் திறந்து பேசும்போதுதான், தாக்கியவன் அடுத்த பெண்ணிடம் போகாமல் தடுக்கப்படுகிறான்.

புதுக் கட்டடமோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை. ஏற்கெனவே ஒதுக்கிய மணி நேரங்களுக்குச் சரியான பாடத்திட்டம் ஒன்று தேவை. பள்ளிக் கல்வித்துறை மனது வைத்தால் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.